பச்சைப் பொட்டலத்தின் கீழே

இயந்திரம் ஒழுங்காக ஓட அதன் தலையில் தின்பண்டப் பொட்டலம் வைக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. உங்கள் காவல்நிலைய வாசலில் நகலெடுக்கும் இயந்திரத்தின் மேலேயே ஒன்று பார்த்தேன் மேடம். பச்சை உறை, தேங்காய் வாசனைச் சோளப் பொரி. உள்ளே வரும்போது தேதியையும் பார்த்துக்கொண்டேன், இன்னும் நாள் இருக்கிறது. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணும். தேதி தாண்டியதை வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பொட்டலத்தின் பெயரே 'சமர்த்தாக இரு' என்றிருக்கும்போது வேறு காரணம் எதற்கு. நான் படித்தவள்தான், பொறியாளர்தான், நானும் வைப்பேன்.

பெயர் லியாவ் சூ-ஹுவெய். காவ்சியோங் துறைமுகத்துக்குப் பின்னால், எஃகுத் தகட்டுக்கு வண்ணம் பூசும் ஆலையில் பாதுகாப்பு வலைப்பின்னலுக்குப் பொறுப்பாளர். பொறுப்பாளராக இருந்தவர் என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். கூரைக்குப் போகிற நீலத் தகடெல்லாம் எங்களிடமிருந்து போவதுதான். வலைப்பின்னல் என்றதும் கைபேசியில் படம் பார்ப்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதில் படம் வரத் தாமதமானால் நீங்கள் 'ச்சே' என்பீர்கள், அவ்வளவுதான். எங்களிடம் செய்தி தாமதமானால் யாருடைய கையாவது போகும்.

எளிதாகவே சொல்கிறேன். இரண்டு பெரிய உருளைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு எதிரெதிராகச் சுற்றும், நடுவே தகடு ஓடும். விரல் மாட்டினால் ஆளையே உள்ளே இழுத்துவிடும். அவற்றுக்கு முன்னால் ஒளி வேலி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள், மேலிருந்து கீழ்வரை. அதற்குள் விரல் நுழைந்தால் வேலி 'நிறுத்து' என்று சொல்லும், உருளைகள் நின்றுவிடும். இதுவரை எல்லோருக்கும் புரியும். அடுத்ததைத்தான் மேலாளர்களுக்குப் புரியவைக்க முடியாது. ஒன்றுமே நடக்காதபோதும் அந்த வேலி பேசிக்கொண்டே இருக்கும். 'இருக்கிறேன், எல்லாம் சரி. இருக்கிறேன், எல்லாம் சரி.' கண்ணை மூடித் திறப்பதற்குள் பல தடவை. அந்தக் குரல் கொஞ்சம் தவறினாலும், ஏன் தவறியது, கம்பி அறுந்ததா, வேலி கெட்டதா என்றெல்லாம் இயந்திரம் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. நின்றுவிட வேண்டும். சத்தத்தைக் காணோம் என்றால் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். என் வேலை முழுக்க இந்த ஒரு விஷயம்தான். மற்றதெல்லாம் கம்பியும் பெட்டியும்.

குரல் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று ஓர் அளவு உண்டு. உருளை நிற்க ஆகும் நேரம், ஒரு மனிதன் கையை நீட்டும் வேகம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு அதை வைத்தவள் நான். மிகச் சின்ன அளவு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

மேலாளர் சியூ கை வைத்தார்.

சியூ பொல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். ஓயாமல் பாக்கு மெல்லுவார். நிலாப் பண்டிகைக்கு ஆலை முற்றத்தில் அடுப்பு மூட்டி எல்லோருக்கும் தன் கையாலேயே இறைச்சி சுட்டுப் போடுவார். யார் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் உற்பத்தி வரிசை நின்றால் மட்டும் அவருக்குத் தாங்காது. அந்தச் சமயத்தில் வேலியிலிருந்து வருகிற கம்பி பழசாகிப்போயிருந்தது. பக்கத்தில் பற்றவைக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் குரல் இரைச்சலில் காணாமல் போகும், உருளைகள் நின்றுவிடும். அவை நின்றது சரி. புதுக் கம்பி போடச் சொல்லி அவரிடம் நடையாக நடந்தேன்.

"சூ-ஹுவெய், உன் வேலி ஒரு நோஞ்சான் குழந்தை. தும்மினாக்கூட வரிசையை நிறுத்திடுது" என்பார்.

"அது தும்மலன்னா ஆள் போயிடுவான் சார்."

"பண்டிகை முடியட்டும், பாக்கலாம்."

கல்லறை துடைக்கும் பண்டிகை அது. அப்பா அம்மா கல்லறையைச் சுத்தம் செய்ய நான் பிங்டோங் போனேன். தம்பி ஜுங்-ஹான் வரவில்லை, அவனுக்கு வேலை நாள். அவனும் எங்கள் ஆலைதான், அதே உருளைகளை ஓட்டுகிறவன். முந்தின நாள் மதியம் என் மேசைக்கு வந்து, "நீ போய்ட்டு வா அக்கா. அப்பா தலைமாட்டுல புல் பிடுங்கறப்ப என் பங்குக்கும் ரெண்டு பிடுங்கிடு. வரலன்னு திட்டினார்னா சியூ விடலன்னு சொல்லு" என்றான்.

அன்று மாலை நான் ஊருக்குக் கிளம்பியதும், சியூ ஒப்பந்தக்காரன் காங்கைக் கூப்பிட்டு, அந்த அளவை நீட்டிவிடச் சொன்னார். குரல் தவறினாலும் இயந்திரம் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கட்டும் என்றார். வரிசை நிற்காமல் ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் உருளையில் வண்ணப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஜுங்-ஹான் எப்போதும் செய்கிற மாதிரி, வேலி நிறுத்திவிடும் என்று நம்பி அதை உரிக்கக் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்துக் கம்பியில் இரைச்சல். என் கணக்குப்படி நின்றிருக்க வேண்டிய உருளைகள் சியூவின் கணக்குப்படி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தன. நான் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது, தம்பி போய்விட்டான் என்று.

தொழிலாளர் துறை ஆட்கள் வருவதற்குள் அளவு பழையபடி மாறியிருந்தது. வேலியைச் சோதித்தார்கள், அளவைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. 'ஊழியரின் அலட்சியம்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். கையை நீட்டும் முன் பொத்தானை அழுத்தி வரிசையை நிறுத்தியிருக்க வேண்டுமாம். விதியில் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஆலையில் ஒருவர்கூட அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்கு உண்மை தெரிந்தது இழவுப் பந்தலில்தான். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து, தம்பிக்காக எரிக்கக் காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்தோம். காங் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரே ஒரு தாமரையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"அக்கா, மாத்தினது நான்தான். அவர் சொன்னார், மாத்தினேன். இது ஆனதும், பழையபடியே வெச்சிடுன்னார், வெச்சேன்."

"இதை அதிகாரிங்ககிட்ட வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா. கண்டிப்பா சொல்றேன்."

அவனுக்கு வியட்நாமில் வேலை கிடைத்துவிட்டது. நல்ல வேலை என்று கேள்வி. போன் எண்ணையும் மாற்றிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, குடும்பஸ்தன். நான் மட்டும் தொழிலாளர் துறைக்குப் போய் நின்றேன். 'அளவு சரியாகத்தானே இருக்கிறது அம்மா, துக்கத்தில் பேசுகிறீர்கள்' என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

அதற்குப் பிறகும்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பன்றிக் கறியும் சோயாவில் வேகவைத்த முட்டையும். தூணுக்கு அந்தப் பக்கம் சியூவும் அவருடைய ஆட்களும். நான் இருப்பது அவருக்குத் தெரியாது.

"ஆளாளுக்குக் கம்பிங்கறீங்க, அளவுங்கறீங்க. கட்டுப்பாட்டுப் பெட்டி மேல இருந்த பொட்டலத்துக்குத் தேதி முடிஞ்சிருச்சே, எவனாவது பாத்தீங்களா? அதை மாத்தறது யார் வேலை? ஜுங்-ஹான் வேலை. ஒழுங்கா மாத்தியிருந்தான்னா இப்ப நம்மகூட உக்காந்து சோறு தின்னுட்டிருப்பான்."

சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கவில்லை. சிலர் சிரித்தார்கள், மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன், பொட்டலத்தின் தேதி உண்மையாகவே முடிந்திருந்தது. அவன் மறந்துவிட்டிருக்கிறான். அதுதான் என்னை இன்னும் அறுத்தது. என் தம்பியைக் கொன்றுவிட்டு, அவன் மறந்துபோன ஒரு பொரிப் பொட்டலத்தின் மேல் பழியைப் போட்டுச் சிரிக்க ஒரு ஆளுக்கு முடிகிறது என்றால், அந்த ஆளுக்கும் அந்த உருளை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அது நியாயம்தானே. அன்று என் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன். அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

பொட்டலம் மாற்றும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தம்பி நினைவாகச் செய்கிறாள், பாவம் என்று பேசிக்கொண்டார்கள்.

சியூவுக்கு ஒரு வழக்கம் வந்தது. விபத்துக்குப் பிறகு புதுக் கம்பி போட்டார்கள், சுவரெல்லாம் 'பாதுகாப்பே முதல்' என்று எழுதினார்கள். தகடு வாங்க வெளிநாட்டு ஆட்கள் வந்தால் சியூ அவர்களை உருளைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, ஓடுகிற வரிசையில் வேலிக்குள் கையை விடுவார். உருளைகள் டக்கென்று நிற்கும். "பாத்தீங்களா? எனக்கு இருக்கறது ரெண்டே கை. நம்பிக்கை இல்லாமலா விடுவேன்?" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே வசனம், ஒவ்வொரு தடவையும் கைதட்டல். என் தம்பி செத்த அதே இடத்தில் நின்று வித்தை காட்டுகிறாரே என்று முதலில் பல்லைக் கடித்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது, இவரை நான் தேடிப் போக வேண்டியதே இல்லை, இவரே வந்து கையை நீட்டுகிறார்.

சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு பெட்டி செய்தேன். நான் சொல்லும்போது அது வேலியின் குரலை அமுக்கிவிட்டு, வேலி மாதிரியே, 'இருக்கிறேன், எல்லாம் சரி' என்று சொல்லிக்கொண்டிருக்கும். யாராவது கையை விட்டாலும் எல்லாம் சரி என்றே சொல்லும். அப்படி யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண்ணும் முத்திரையும் வைத்திருக்கிறோம். ஆனால் முத்திரை என் பொறுப்பில் இருந்தது. எப்படிச் செய்தேன் என்று விவரமாகக் கேட்காதீர்கள். எழுதி வைத்தால் நாளைக்கு யாராவது படிப்பார்கள். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் கொஞ்சம் கெடுபிடி.

அதை எங்கே வைப்பது என்று ரொம்ப யோசிக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் தலையில், பச்சைப் பொட்டலத்தின் கீழே வைத்தேன். வருடாந்திரச் சோதனைக்கு ஹோங் என்ற ஆய்வாளர் வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தார், திருகாணியைக்கூட விடவில்லை. கடைசியில் அவருடைய உதவியாளர் பெட்டியின் மேல்பக்கம் தூசி தட்டப் போனார்.

"யோவ், அதைத் தொடாதே. தேதி பாத்தியா?"

"பாத்தேன் சார். அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு."

"அப்ப விடு. நல்லா ஓடிட்டிருக்கறதை எதுக்கு நோண்டறே?" என்றுவிட்டு ஹோங் என் பக்கம் திரும்பினார். "ஒழுங்கா மாத்திடுவீங்க போலிருக்கே, பொறியாளரம்மா."

"தம்பி வேலை சார். இப்ப நான் பாத்துக்கறேன்."

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இந்த ஊரில் ஒரு பூட்டை உடைப்பார்கள், முத்திரையைக் கிழிப்பார்கள், ஆனால் தேதி இருக்கிற பச்சைப் பொட்டலத்தை நகர்த்தமாட்டார்கள். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்தால் முதல் வாரமே மாட்டியிருப்பேன்.

யி-ஜுன் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றுமதிப் பிரிவில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த பெண். ஃபெங்ஷானில் அவளுடைய அண்ணன் காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். வேலைக்கு வரும்போது எனக்கு அங்கிருந்து முட்டை ரொட்டியும் சோயாப் பாலும் கொண்டுவருவாள். "சூடா இருக்கறப்பவே சாப்டுங்கக்கா. ஆறினா எங்கண்ணன் கைப்பக்குவத்தைக் குறை சொல்லுவீங்க" என்பாள். உருளைப் பக்கம் போனால் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். அந்தச் சத்தமே அவளுக்கு ஆகாது. நல்ல பெண். எனக்குப் பிடிக்கும்.

அன்றைக்கு ஒசாகாவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நான் கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் இருந்தேன். படமும் வரும், பேச்சும் கேட்கும். சியூ உருளைக்கு முன்னால் வந்து நின்று, சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்ததும், நான் என் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். வேலி ஊமையாகிவிட்டது. உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

சியூ கையை நீட்டப் போனவர் நிறுத்திவிட்டார். அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை.

"நான் விட்டா, இது பழகின கைன்னு நெனச்சுக்குவாங்க. யி-ஜுன், நீ விடு."

"ஐயையோ, நான் மாட்டேன் சார். எனக்குப் பயம்."

"பயப்படற பொண்ணு கையை விட்டாத்தான் அவங்க நம்புவாங்க. நான் இருக்கேன்ல? உன் தலைமுடிக்குக்கூட ஒண்ணும் ஆகாது. இதையும் அவங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லு."

அவள் சொன்னாள். ஜப்பானியர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சள் கோட்டைத் தாண்டி முன்னால் வந்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். கேமராவை அண்ணாந்து பார்த்து, 'அக்கா, பாருங்க என் கூத்தை' என்கிற மாதிரி ஒரு முகம் காட்டினாள். அப்புறம் சட்டைக் கையை மடித்தாள்.

என் வலது கைப்பக்கம் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வரிசை முழுக்க நின்றுவிடும். அழுத்த நேரம் இருந்தது, அதில் நான் பொய் சொல்ல விரும்பவில்லை. பெட்டியை வாயை மூடச் சொல்லியிருந்தாலும் போதும். இரண்டையும் யோசித்தேன். நான் நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். தேடுவார்கள், பொட்டலத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். சியூ நெஞ்சைத் தடவிக்கொண்டு, தப்பித்தேன் சாமி என்று இன்னொரு பாக்கை வாயில் போட்டுக்கொள்வார். பிறகு ஜுங்-ஹானுக்கு என்று கேட்க இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அவனுக்கு இருந்தது நான் ஒருத்தி. இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தப் பெண்ணுக்கு நான் எதுவும் செய்யவில்லை. எதுவும் செய்யவில்லை என்பதுதான் சரியான வார்த்தை, அதை அப்படியே எழுதுங்கள்.

மற்றதை நீங்கள் கேமராப் பதிவில் பார்த்திருப்பீர்கள். தூணில் இருக்கும் பொத்தானை அடித்தது சியூதான். ஓடிப்போய் அடித்தார், ஆனாலும் தாமதம். அவளை மடியில் போட்டுக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். எல்லோரும் அங்கே ஓடியபோது நான் கட்டுப்பாட்டுப் பெட்டிப் பக்கம் போய், பொட்டலத்தையும் அதற்குக் கீழே இருந்ததையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, புதுப் பொட்டலம் வைத்தேன். பழையதைப் பிரித்துத் தின்றுவிட்டேன். இன்னொன்று துறைமுகத் தண்ணீரில் கிடக்கிறது. முங்கித் தேடுகிற ஆட்களை இறக்கினால் கிடைக்கலாம், இடம் காட்டுகிறேன்.

சில நாள் கழித்து சியூ என் அறைக்கு வந்தார். சவரம் செய்யவில்லை, வாயில் பாக்கு இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

"சூ-ஹுவெய், நீ திரையில பாத்துட்டுதானே இருந்தே. என்னம்மா ஆச்சு? வேலி நல்லாத்தானே இருந்துச்சு? எனக்குத் தூக்கமே வரல."

"பொட்டலத்துக்குத் தேதி முடிஞ்சிருந்துச்சு சார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டுக் கூடம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனது. கதவைச் சாத்திக்கொண்டு போனார். அந்த முகத்தைத் தம்பிக்குக் காட்ட முடியவில்லையே என்று எனக்கு ஒரே குறை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இதோடு விட்டுவிடலாமா என்றுகூட ஒரு எண்ணம் வந்தது.

விடமுடியாமல் செய்தது அந்த அறிக்கைதான் மேடம். வேலியைச் சோதித்தார்களாம், சரியாக இருந்ததாம். அளவு சரியாக இருந்ததாம். 'மொழிபெயர்ப்பாளர் அனுமதியின்றிக் கோட்டைத் தாண்டினார், ஊழியரின் அலட்சியம்.' என் தம்பிக்கு எழுதிய அதே வாக்கியம், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கேமராவில் எல்லாம் இருந்தும் அனுமதியின்றியாம். சியூவுக்குத் தைபே தலைமை அலுவலகத்துக்கு மாற்றல், 'மன ஆறுதலுக்காக.' படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்றும் அறியாத ஒரு பெண், செத்துப்போனவள், எழுந்து வந்து பதில் சொல்லமுடியாது என்கிற தைரியத்தில் இப்படிக் கூசாமல் பழி போடுவார்களா? இவர்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா? தப்பு செய்தவர்கள் யாரோ, அவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடமாடுவதும், செத்தவள் தலையில் கட்டுவதும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு தடவை பார்த்தது போதும்.

அவளுடைய அண்ணன் லி-ஹெங் ஆலை வாசலில் வந்து நின்றான். கடையிலிருந்து நேராக வந்திருக்கிறான், இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூடக் கழற்றவில்லை, கையில் அவள் படம். காவலாளிகள் தள்ளிவிட்டார்கள். நான் வெளியே வந்தபோது என்னைப் பார்த்துவிட்டான். அவள் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

"சூ-ஹுவெய் அக்காதானே நீங்க? முட்டை ரொட்டி உங்களுக்குத்தானே கொண்டுவருவா?"

"ஆமாப்பா."

"அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக்கூட பயம்க்கா. அவ போய்த் தானா கையை விட்டாளாம், அலட்சியமாம். நீங்க பாத்துட்டிருந்தீங்கன்னு சொன்னாங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், யாருக்கா காரணம்?"

தொழிலாளர் துறையில் நான் நின்று கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு எனக்குத் தண்ணீர்தான் கொடுத்தார்கள். இவனை அப்படி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சியூதான் அவளைக் கையை விடச் சொன்னார், அவள் பயந்தாள், மாட்டேன் என்றாள், இவர் விடவில்லை. என் தம்பி செத்ததற்கும் இவர்தான் காரணம், அப்போதும் இப்படித்தான் எழுதினார்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, நீங்கள் பதிவோடு ஒத்துப் பார்க்கலாம். பெட்டியைப் பற்றி அவன் கேட்கவில்லை.

அவன் தேநீரைத் தொடவே இல்லை. "அந்த ஆள் எங்க இருப்பான்?" என்று மட்டும் கேட்டான். கேட்டதற்குச் சொன்னேன். தைபே போகும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம், ஆற்றுப் பாலத்துக்குக் கீழே, காசு கொடுத்துத் தொட்டியில் தூண்டில் போட்டு இறால் பிடிக்கும் கூடத்தில் இருப்பார். ஓரத் தொட்டி, தனியாகத்தான் உட்காருவார், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தூண்டிலைப் போட்டுவிட்டால் பக்கத்தில் யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். லி-ஹெங் கடையில் தினமும் பன்றிக் கறி வெட்டுகிறவன், அவனுக்கு நான் வேறு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு என் பங்குக்கு இங்கே வந்தேன். யி-ஜுன் பெயரைத் துடைக்க வேண்டும், அதற்குத்தான் வந்தேன், வேறு எதற்கும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். அவள் அலட்சியமாக இருக்கவில்லை. வேலி நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை, ஏனென்றால் நான் அதை ஊமையாக்கியிருந்தேன். சியூவைக் கொல்ல நான் வைத்த பெட்டி அவளைக் கொன்றது, நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. இது முழுசாக என் கையால் நடந்தது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆமாம், இன்றைக்குச் சனிக்கிழமைதான். மணியும் மூன்றைத் தாண்டிவிட்டது. போனை எடுங்கள் மேடம், நான் தடுக்கவில்லை. ஆட்களை அனுப்பினால் லி-ஹெங்கை அடிக்காமல் கூட்டிவரச் சொல்லுங்கள், எதிர்த்து நிற்கமாட்டான், சாதுவான பையன். அவனுக்கு இந்த வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுங்கள். முதலில் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் கூடப்பிறந்ததைப் பறிகொடுத்தவனுக்கு என்னை விளக்க வேண்டியதில்லை, படித்து முடித்ததும் அவனுக்கே எல்லாம் புரிந்துவிடும். நீங்களே பாருங்கள், அதற்குப் பிறகும் அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.